கேமரா தூக்கிட்டு சண்டை நடக்குற எடத்துக்கு போகணுமா, கிளம்புறதுக்கு முன்னாடி இத படிங்க

இந்த வேலைக்கு எப்படி வர்றதுன்னு கேக்குறவங்க பெரும்பாலும் ரெண்டு கேள்வியோட வர்றாங்க. என்ன கேமரா வாங்கலாம், எந்த நாட்டுக்கு போனா சீக்கிரம் பேர் கிடைக்கும். நான் பல வருஷம் டெஸ்க்ல உக்காந்து மத்தவங்க அனுப்புற ஃபுட்டேஜ வெட்டி ஒட்டுனவன், வெளிய போனது அதுக்கப்புறம்தான், அதுவும் அதிகமில்ல, அதனால நான் சொல்றதுல டெஸ்க்காரன் புத்தி கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், அத கழிச்சுக்கிட்டு படிங்க. ஆனா டெஸ்க்ல இருந்ததால ஒண்ணு நல்லா தெரிஞ்சுச்சு. குண்டு சத்தம் கேக்குற எடத்துல நிக்கிற நேரம் இந்த தொழில்ல ரொம்ப சின்ன துண்டு. கிளம்புறதுக்கு முன்னாடி பேப்பர் பேனாவோட உக்கார்ற வேலை, அங்க போய் பெர்மிஷனுக்கு காத்துக்கிடக்குற வேலை, கூட வர்ற உள்ளூர்க்காரங்க உயிருக்கு பொறுப்பேத்துக்குற வேலை, திரும்பி வந்து டைம்கோட், அதாவது ஃபுட்டேஜ்ல ஓடுற நேர எண்ண பாத்து பாத்து கண்ணு எரியிற வேலை, மீதி எல்லாம் இதுதான். இது ஒத்து வராதுன்னா இங்கயே நிறுத்திக்கலாம், அதுல ஒரு அவமானமும் இல்ல.

முதல் படி: சண்டை இல்லாத எடத்துல வேலைய கத்துக்கங்க

வெள்ளம், தீ விபத்து, ஸ்ட்ரைக், தேர்தல் கூட்டம், கோர்ட் வாசல். இந்த மாதிரி எடங்கள்ல ரெண்டு மூணு வருஷம் ஓடுங்க. கூட்டம் எந்தப் பக்கம் நகருது, போலீஸ் எப்ப லத்திய எடுக்கும், உங்க முதுகுக்குப் பின்னாடி வெளிய போற வழி எது, இதெல்லாம் அங்கதான் உடம்புல ஏறும், எந்த வகுப்புலயும் ஏறாது. டெட்லைனும் அங்கதான் பழகும். மத்தியானம் ஷூட் பண்ணி சாயங்காலம் ரெண்டு நிமிஷ ஸ்டோரியா கொடுக்கத் தெரியாத ஆளு ஷெல் விழுற ஊர்ல போய் என்ன பண்ணப்போறாரு?

ஷூட்டிங்ல புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணேதான், கேமராவ ஆட்டிக்கிட்டே இருக்குறது. இப்படி பேன், அப்படி ஜூம், அரை மணி நேரம் ஃபுட்டேஜ் வரும், எடிட்டருக்கு வெட்டறதுக்கு ஆறு ஷாட் தேறாது. ஒரு ஷாட்ட புடிச்சா பத்து செகண்ட் அசையாம வைங்க, மனசுக்குள்ள எண்ணுங்க. வைட் ஒண்ணு, மிட் ஒண்ணு, க்ளோஸ் ஒண்ணு, அப்புறம் கை, முகம், அதப் பாத்துக்கிட்டிருக்குற இன்னொரு முகம். அவ்ளோதான் ஒரு சீக்வென்ஸ். ஒவ்வொரு எடத்துலயும் ஒரு நிமிஷம் யாரும் பேசாம அந்த எடத்தோட சத்தத்த மட்டும் ரெக்கார்ட் பண்ணி எடுத்துட்டு வாங்க, எடிட் டேபிள்ல உங்கள தெய்வமா பாப்பாங்க. படம் கொஞ்சம் ஆடுனாலும் ஜனங்க பாத்துடுவாங்க, பேசுறது கேக்கலன்னா எழுந்து போயிடுவாங்க, அதனால காசு இருந்தா லென்ஸுக்கு முன்னாடி மைக் வாங்குங்க.

கேமரா கேள்விக்கு பதில் இதுக்குள்ளயே முடிஞ்சுடுச்சு. தோள்ல தொங்குனா வெளிய தெரியாத சின்ன கேமரா பாடி ரெண்டு, ஒரே மாதிரி பேட்டரி நிறைய, ஒரு ஜூம் லென்ஸ், ஒரு காலர் மைக், ஒரு கன் மைக். இருட்டுல தடவிப்பாத்தே எல்லா பட்டனும் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்.

ரெண்டாவது: நியூஸா டாக்குமெண்டரியான்னு சும்மாவாவது யோசிச்சு வைங்க

நியூஸ்காரனுக்கு இன்னிக்கு என்ன நடந்துச்சுங்கறது முக்கியம். டாக்குமெண்டரி எடுக்குறவங்களுக்கு ஒரு மனுஷன் ஒரு வருஷத்துல என்ன ஆனாங்கறது முக்கியம். பொறுமையோட அளவு வேற, காசு வர்ற வழியும் வேற. சேனல் நியூஸுக்கு நாள் கணக்குல காசு கொடுக்கும், டாக்குமெண்டரிக்கு நீங்க ஃபண்ட் தேடி வருஷக்கணக்குல அலையணும், சன்டான்ஸ், இட்ஃபா பெர்த்தா ஃபண்ட், புலிட்சர் சென்டர் மாதிரி எடங்கள்ல அப்ளை பண்ணணும், நிறைய தடவ இல்லைன்னு பதில் வரும்.

ஆனா ரெண்டுக்கும் நடுவுல செவுரு ஒண்ணும் இல்ல. 2022ல ரஷ்யா உக்ரைனுக்குள்ள நுழைஞ்சப்ப ஏபி செய்தி நிறுவனத்தோட டீம் மரியுபோல் நகரத்துல இருந்துச்சு, மிஸ்டிஸ்லாவ் செர்னோவ், எவ்ஹெனி மலோலெட்கா, வசிலிசா ஸ்டெபனென்கோ. ஊரச் சுத்தி முற்றுகை, கரண்ட் இல்ல, நெட் இல்ல, சிக்னல் கிடைக்கிற ஏதோ ஒரு மூலையில உக்காந்து சின்ன சின்ன க்ளிப்பா வெளிய அனுப்புனாங்க, அதுதான் அந்த வாரம் உலகம் பூரா நியூஸ்ல ஓடுச்சு. மார்ச் நடுவுல வெளிய வந்த அப்புறம் மிச்சம் இருந்த ஃபுட்டேஜ வச்சு செஞ்ச டாக்குமெண்டரி 2024ல ஆஸ்கர் வாங்குச்சு. நியூஸுக்குன்னு பத்து செகண்ட் போதும்னு அங்க பட்டன நிறுத்தியிருந்தா பின்னாடி படம்னு ஒண்ணே இருந்திருக்காது. அதனால நியூஸுக்கு ஷூட் பண்ணாலும் சம்பவம் முடிஞ்ச அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்க, டாக்டர் கையுறைய கழட்டி வீசிட்டு சும்மா செவுத்துல சாயுறாரு பாருங்க, அது நியூஸ்ல வராது, படத்துல அதுதான் நிக்கும்.

மூணாவது: சட்டம் கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க

நீளமா போகாம சொல்றேன். 1977ல வந்த ஜெனீவா முதல் கூடுதல் நெறிமுறையில 79ஆவது பிரிவு, சண்டை நடக்குற எடத்துல வேலை பாக்குற பத்திரிகையாளர் ஒரு சிவிலியன்னு சொல்லுது, அந்த அந்தஸ்துக்கு பாதகமா அவங்க எதுவும் பண்ணாத வரைக்கும். ராணுவத்தோட அங்கீகாரம் வாங்கி கூடவே போற போர் நிருபர்னா இன்னொரு கணக்கு, 1949 மூணாவது ஜெனீவா ஒப்பந்தப்படி புடிபட்டா போர்க்கைதி அந்தஸ்து கிடைக்கணும். ரெண்டுலயும் அடிப்படை ஒண்ணுதான், ஆயுதத்த தொடாதீங்க, போட்டோவுக்காகக்கூட கையில வாங்காதீங்க, யூனிஃபார்ம் மாதிரி தெரியிற பச்சை, காக்கி, கேமோ துணி போடாதீங்க.

அதே மூணாவது ஒப்பந்தத்துல 13ஆவது பிரிவு கைதிகள வேடிக்கைப் பொருளா காட்டக்கூடாதுன்னு சொல்லுது. புடிபட்ட சிப்பாய உங்க முன்னாடி கொண்டு வந்து நிறுத்தி, இந்தா பேட்டி எடுன்னு ஒரு கமாண்டர் பெருமையா சொல்வாரு. அந்தக் கைதி அங்க வேற என்ன பேச முடியும்? அந்தப் பேட்டி வெளிய வந்தா அவன் குடும்பம் மேல கை வைப்பாங்க. எடுக்காதீங்க, வேற வழியே இல்லாம எடுத்துட்டா முகம் தெரியாம பாத்துக்கங்க.

நாலாவது: ரத்தத்த நிறுத்தக் கத்துக்கங்க, மத்ததெல்லாம் அப்புறம்

2011 ஏப்ரல் 20, லிபியாவுல மிஸ்ராட்டா. மோட்டார் ஷெல் விழுந்து டிம் ஹெதரிங்டன், கிறிஸ் ஹோண்ட்ரோஸ்னு ரெண்டு போட்டோகிராஃபர் செத்தாங்க, ரெண்டு பேருமே பல வருஷம் சண்டைக்களங்கள்ல வேலை பாத்தவங்க. ஹெதரிங்டன் உடம்புல பாஞ்ச சிதறல்ல ரத்தம் போய் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போற வழியிலயே செத்துட்டாரு. அவரோட சேர்ந்து ஆப்கானிஸ்தான் கோரெங்கல் பள்ளத்தாக்குல டாக்குமெண்டரி எடுத்த செபாஸ்டியன் ஜங்கர், கூட இருந்தவங்களுக்கு அடிப்படை முதலுதவி தெரிஞ்சிருந்தா ஒருவேளை ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கியிருக்கலாம்னு தெரிஞ்ச அப்புறம் சும்மா இருக்க முடியாம 2012ல ரிஸ்க்ங்கற பேர்ல ஃப்ரீலான்ஸ் ஆளுங்களுக்கு இலவசமா முதலுதவி பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சாரு.

இந்த ஒரு கதைய ஞாபகம் வச்சுக்கங்க, ஏன்னா தொடை ரத்தக்குழாய் அறுந்தா உங்களுக்கு இருக்குற நேரம் சில நிமிஷம்தான், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்ங்கற பேச்சே கிடையாது. டூர்னிக்கேன்னு, ரத்தத்த நிறுத்த கை காலச் சுத்தி முறுக்கிக் கட்டுற பட்டை, அது ரெண்டு வாங்கி உடம்புலயே மாட்டிக்கங்க, பைக்கு அடியில வைக்காதீங்க, ரெண்டு கையாலயும் எட்டுற எடத்துல இருக்கணும். காயத்துக்கு மேல, மூட்டு மேல வராம, ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கணும், வலியில கத்துவாங்க, கத்தட்டும், கட்டுன நேரத்த மார்க்கர்ல எழுதணும். ஒத்தக் கையால உங்க கால்ல நீங்களே கட்டிப் பழகுங்க, கண்ண மூடிக்கிட்டு. ஆன்லைன்ல கிடைக்கிற சல்லிசான டூப்ளிகேட் வாங்குனா முறுக்குற கம்பி கையோட வந்துடும், அத நம்பி உயிர வைக்காதீங்க.

பயிற்சிக்குப் பேரு ஹெஃபாட்னு சொல்வாங்க, ஆபத்தான எடத்துக்கு போறவங்களுக்கு மூணுலேர்ந்து அஞ்சு நாள் வரைக்கும் நடக்கும். செக்போஸ்ட்ல எப்படி நடந்துக்குறது, கண்ணிவெடி இருக்குற ரோட்ட எப்படி கண்டுபுடிக்கிறது, கடத்துனா முதல் அரை மணி நேரம் எப்படி இருக்கணும், எல்லாம் சொல்லித் தருவாங்க. செலவு ஜாஸ்திதான். ஃப்ரீலான்ஸ் ஆளுன்னா ரோரி பெக் டிரஸ்ட்கிட்ட உதவித்தொகை கேக்கலாம், 1993ல மாஸ்கோ ஓஸ்டான்கினோ டிவி சென்டர் வாசல்ல சுட்டதுல செத்த ஃப்ரீலான்ஸ் கேமராமேன் ரோரி பெக் பேர்ல 1995ல ஆரம்பிச்சது. பெண்களுக்கு ஐடபிள்யூஎம்எஃப்ங்கற சர்வதேச பெண் பத்திரிகையாளர் அமைப்பு தனியா பயிற்சி நடத்துது. ஒரு தடவ போயிட்டு சர்டிஃபிகேட்ட ஃப்ரேம் போட்டு மாட்டுனா வேலைக்காகாது, மூணு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி போகணும், கை மறந்துடும்.

அஞ்சாவது: வெஸ்ட், ஹெல்மெட், அதுக்குள்ள இருக்குற பொய்

சாஃப்ட் வெஸ்ட் பிஸ்டல் குண்டு, சின்ன சிதறல் வரைக்கும்தான் தாங்கும். ரைஃபிள் குண்டுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு செராமிக் பிளேட் வேணும், அத போட்டா மொத்தம் பத்து கிலோவுக்கு மேல ஏறிடும், அதோட கேமராவையும் தூக்கிட்டு நாலு மாடி ஓடிப்பாருங்க, வீட்லயே ஓடிப்பாருங்க. ஹெல்மெட் பெரும்பாலும் சிதறலுக்குத்தான், நேரா வர்ற ரைஃபிள் குண்டுக்கு இல்ல. செராமிக் பிளேட் கீழ விழுந்தா உள்ளுக்குள்ள வெடிப்பு விட்டுடும், வாடகைக்கோ செகண்ட் ஹேண்ட்லயோ வாங்குனா கேட்டு விசாரிச்சு வாங்குங்க. ஆர்எஸ்எஃப்ங்கற எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு வெஸ்ட்டும் ஹெல்மெட்டும் இரவல் கொடுக்குது. இன்னொண்ணு, பல நாட்டுல இத எடுத்துட்டுப் போறதுக்கு பெர்மிட் வேணும், சாட்டிலைட் போனுக்கும் அப்படித்தான், ஏர்போர்ட்லயே புடிச்சு வச்சிடுவாங்க.

நெஞ்சுல பிரெஸ்னு எழுதியிருந்தா காப்பாத்துமா? 2022 மே 11ஆம் தேதி ஜெனின்ல அல் ஜசீரா நிருபர் ஷிரீன் அபு அக்லே பிரெஸ்னு எழுதுன நீல வெஸ்ட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கிட்டுத்தான் நின்னாங்க, குண்டு ஹெல்மெட்டுக்கு கீழ பாஞ்சுச்சு. 2003 ஏப்ரல்ல பாக்தாத் பாலஸ்தீன் ஹோட்டல் பால்கனில இருந்த கேமராக்காரங்கள உளவு பாக்குறவங்கன்னு நெனச்சு அமெரிக்க டாங்க் சுட்டுச்சு, தாராஸ் புரோட்சியுக், ஹோசே கூசோ ரெண்டு பேரும் போயிட்டாங்க. 2007 ஜூலைல அதே பாக்தாத்ல ராய்ட்டர்ஸோட நமீர் நூர் எல்தீன் கையில இருந்த கேமராவ ராக்கெட் லாஞ்சர்னு சொல்லி அமெரிக்க ஹெலிகாப்டர்ல இருந்து சுட்டாங்க, கூட இருந்த சயீத் ச்மாக்கும் செத்தாரு. தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு லென்ஸ் ஒரு குழாய் மாதிரிதான் தெரியும். மூலையில இருந்து லென்ஸ மட்டும் நீட்டாதீங்க, தோள்ல வச்சு சட்டுனு திரும்பாதீங்க, ஜன்னல்ல சாத்தி வைக்காதீங்க. பிரெஸ் பட்டைய கழட்டுறதா ஒட்டுறதாங்கறத எடத்துக்கு எடம் உள்ளூர் ஆளக் கேட்டு முடிவு பண்ணுங்க, சில எடத்துல அது கவசம், சில எடத்துல அதுவே குறி.

ஆறாவது: எழுத்துல இல்லாத வேலைக்கு போகாதீங்க

நீ போ, நல்ல ஃபுட்டேஜ் வந்தா வாங்கிக்கிறோம்னு ஃபோன்ல சொல்ற எடிட்டர் உங்களுக்கு ஒண்ணும் சொல்லலன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் அப்படி ஒரு வாய்வார்த்தைய நம்பி போயிட்டு, கால்ல சிதறல் பட்டு படுத்தப்ப அந்த எடிட்டர் ஃபோனே எடுக்கல. அசைன்மெண்ட் லெட்டர் வேணும், அதுல எத்தன நாள், எவ்ளோ காசு, அடிபட்டா யார் செலவு, ஃபுட்டேஜ் யாருக்கு சொந்தம், எல்லாம் இருக்கணும். சாதாரண டிராவல் இன்ஷூரன்ஸ் பாலிசில போர்னால வர்ற காயத்துக்கு கிடையாதுன்னு குட்டி எழுத்துல போட்டிருப்பான், போர் ஆபத்து சேர்ந்த பாலிசியும், உங்கள அங்கிருந்து தூக்கிட்டு வர்ற செலவும் இருக்கணும். அதுக்கு காசு இல்லன்னா ட்ரிப்புக்கே காசு இல்லன்னு வச்சுக்கங்க.

2012ல சிரியால கடத்தப்பட்ட ஃப்ரீலான்ஸ் நிருபர் ஜேம்ஸ் ஃபோலிய 2014ல கொன்ன அப்புறம்தான் பெரிய நிறுவனங்களுக்கே கொஞ்சம் உறைச்சுச்சு. தன்னோட ஆளுங்கள அனுப்பாத எடத்துக்கு ஃப்ரீலான்ஸ் ஆளு போய் எடுத்தத வாங்க மாட்டோம்னு ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அந்த வருஷமே சொல்லுச்சு, 2015ல ஃப்ரீலான்ஸ் பாதுகாப்புக்குன்னு கொள்கைகள் எழுதி நிறைய நிறுவனம் கையெழுத்து போட்டுச்சு. உங்கள அனுப்புற நிறுவனம் அதுல இருக்கான்னு கேளுங்க, கேட்டா வேலை போயிடுமேன்னு பயந்தீங்கன்னா அந்த வேலை போகட்டும்.

ஏழாவது: ஃபிக்ஸர், ட்ரைவர். இத ரெண்டு தடவ படிங்க

வெளிய இருந்து போறவனுக்கு அங்க கண்ணு, காது, வாய் எல்லாமே ஃபிக்ஸர்னு சொல்ற, காசு கொடுத்து கூட வச்சுக்குற உள்ளூர் ஆளுதான். பேட்டி வாங்கித் தர்றது, மொழிபெயர்க்கிறது, எந்த ரோட்டுல நேத்து ராத்திரி வெடிச்சுச்சுன்னு சொல்றது, செக்போஸ்ட்ல நிக்கிற பையன் எந்த குரூப்புன்னு பாத்தவுடனே கண்டுபுடிக்கிறது. டிவில முகம் காட்றது நீங்க. வேலை முடிஞ்சு நீங்க ப்ளேன் ஏறிடுவீங்க, அவரு அதே தெருவுலதான் இருக்கணும், உங்க ஸ்டோரி யாருக்குக் கோபம் வந்தாலும் கதவ தட்டுறது அவர் வீட்டுலதான்.

2007ல ஆப்கானிஸ்தான் ஹெல்மண்ட்ல இத்தாலி நிருபர் டேனியலே மாஸ்ட்ரோஜாகோமோவ தாலிபான் கடத்துனாங்க. கூட இருந்த ட்ரைவர் சையத் ஆகாவ முதல்லயே கொன்னுட்டாங்க. அஞ்சு தாலிபான் கைதிகள விட்ட அப்புறம் இத்தாலிக்காரர் வீடு திரும்புனாரு, ஃபிக்ஸர் அஜ்மல் நக்ஷ்பந்திய விடல, ஏப்ரல்ல கொன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு குண்டூஸ்ல ஸ்டீஃபன் ஃபாரெல்ங்கற நிருபர மீட்க பிரிட்டிஷ் கமாண்டோ போனாங்க, அவர் உயிரோட வந்தாரு, கூட கடத்தப்பட்ட ஆப்கன் நிருபர் சுல்தான் முனாதி அந்த எடத்துலயே செத்தாரு. பாஸ்போர்ட்டோட நிறத்தப் பொறுத்து உயிரோட வெலை மாறுதுன்னு எனக்குப் புரிஞ்சது இந்த ரெண்டு சம்பவத்தப் படிச்சப்பதான்.

அதனால என்ன பண்ணணும்? ஆளத் தேர்ந்தெடுக்குறப்ப முன்னாடி அவரோட வேலை பாத்த ரெண்டு பேர்கிட்டயாவது பேசுங்க. அவரோட இனம், மதம், ஊர், அந்தப் பகுதிக்கு ஒத்து வருமான்னு அவர்கிட்டயே நேரா கேளுங்க, உங்களுக்கு எல்லாரும் ஒண்ணு மாதிரி தெரியும், அங்க நிக்கிறவனுக்கு பேர வச்சே தெரிஞ்சுடும். சம்பளத்த முதல் நாளே பேசி முடிச்சிடுங்க, பாதி கையில கொடுத்துடுங்க. உங்களுக்கு வெஸ்ட் இருந்தா அவருக்கும் ட்ரைவருக்கும் வெஸ்ட் இருக்கணும், உங்களுக்கு இன்ஷூரன்ஸ்னா அவங்களுக்கும். பட்ஜெட்ல அது இல்லன்னு சேனல் சொன்னா ஹோட்டல குறைச்சுட்டு இதப் போடச் சொல்லுங்க. அவரு வேணாம்னு சொன்ன ரோடு வேணாம்தான், அதுல விவாதமே கிடையாது. என்னோட சண்டை எல்லாம் இதுலதான் வந்திருக்கு, இன்னும் ஒரு தெரு உள்ள போனா நல்ல ஷாட் கிடைக்கும்னு நான் சொல்வேன், ட்ரைவர் சாவிய எடுத்து சட்டைப் பையில போட்டுட்டு சும்மா உக்காந்துடுவாரு. ஒரு தடவ ரெண்டு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தோம். அவருக்கு இன்னிக்கும் நன்றி சொல்லிக்கிட்டிருக்கேன்.

வண்டின்னு வந்ததால ஒண்ணு, சீட் பெல்ட் போடுங்க. குண்டுக்கு பயந்து நூறு கிலோமீட்டர் வேகத்துல மோசமான ரோட்டுல போற வண்டி கவுந்து அடிபடுறது இந்த வேலையில ரொம்ப சகஜம்.

எட்டாவது: போற பிளான், வர்ற பிளான்

ஒரு பேப்பர்ல எழுதுங்க. எங்க போறோம், எந்த வழி, எந்த வழியா திரும்புறோம், அந்த வழி அடைச்சா வேற எது, பக்கத்துல ஆபரேஷன் பண்ற அளவுக்கு ஆஸ்பத்திரி எது, எத்தன மணிக்கு யாருக்கு ஃபோன் பண்ணுவோம், அந்த ஃபோன் வரலன்னா எத்தன நேரம் கழிச்சு அவங்க யாரக் கூப்பிடணும். ரத்த வகை, வீட்டு நம்பர், உங்களுக்கு மட்டுமே பதில் தெரிஞ்ச ரெண்டு கேள்வி, கடத்துனா உயிரோட இருக்கீங்களான்னு அதக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவாங்க. இத எழுதுறப்ப வயித்த கலக்கும், வீட்ல படிச்சா அழுவாங்க, அப்பவும் எழுதணும். பத்திரிகையாளர் பாதுகாப்புக்கான அமைப்பு சிபிஜே, இதுக்கு ஒரு மாதிரிப் படிவமே வச்சிருக்கு.

ஃபோன் விஷயம். சாட்டிலைட் போன் சிக்னல வச்சு ஆள கண்டுபுடிக்க முடியும், 1996ல செச்சன் தலைவர் துதாயேவ் சாட்டிலைட் போன்ல பேசிக்கிட்டிருந்தப்பதான் ஏவுகணை வந்துச்சு. 2012 பிப்ரவரி 22, சிரியாவுல ஹோம்ஸ் நகரம் பாபா அம்ர்ல நிருபர் மேரி கோல்வினும் போட்டோகிராஃபர் ரெமி ஓச்லிக்கும் தங்கியிருந்த மீடியா சென்டர் மேல ஷெல் விழுந்து செத்தாங்க, அதுக்கு முந்தின நாள்தான் கோல்வின் அங்கிருந்தே சேனல்களுக்கு பேசியிருந்தாங்க. 2001ல வன்னிக்கு போயிட்டு திரும்புறப்ப குண்டுச் சிதறல்ல ஒரு கண்ண இழந்த அதே கோல்வின்தான். வேணும்னே குறி வச்சு அடிச்சதுன்னு 2019ல அமெரிக்க கோர்ட் தீர்ப்பு சொல்லி சிரியா அரசு 30 கோடி டாலருக்கு மேல கொடுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. எங்க இருக்கீங்கன்னு லைவ்ல சொல்லாதீங்க, படம் போடுறதா இருந்தா எடத்த விட்டு கிளம்புன அப்புறம் போடுங்க, பேசி முடிச்சா ஃபோன ஆஃப் பண்ணிட்டு எடம் மாறுங்க. செக்போஸ்ட்டுக்குன்னு காலியான வேற ஃபோன், அதுல பேட்டி கொடுத்தவங்க நம்பர் ஒண்ணுகூட இருக்கக்கூடாது, மெஸேஜ் எல்லாம் சிக்னல்ங்கற ஆப்ல, தானா அழியிற மாதிரி.

ஒம்பதாவது: அங்க போன அப்புறம்

ராணுவத்தோட போறதுக்கு எம்பெட்னு பேரு. 2003 ஈராக் போர்ல 600 பேருக்கு மேல அப்படி போனாங்க. சாப்பாடு, பாதுகாப்பு, ஃப்ரண்ட் லைன் எல்லாம் கிடைக்கும், ஆனா குண்டு புறப்படுற எடம்தான் தெரியும், விழுற எடம் தெரியாது, அதோட உங்கள காப்பாத்துற பையன் மேல பாசம் வந்துடும். தனியா போனா ரெண்டு பக்கமும் நீங்க அந்நியம், அதே போர்ல தனியா போன பிரிட்டிஷ் டிவி நிறுவனம் ஐடிஎன்னோட நிருபர் டெர்ரி லாய்ட் பாஸ்ரா பக்கத்துல ரெண்டு தரப்புக்கும் நடுவுல மாட்டி செத்தாரு. எதுல போனாலும் எதுல போனேன்னு ஸ்டோரில சொல்லிடுங்க, பாக்குறவங்களுக்கு அது தெரியணும்.

ஒரு எடத்துல எவ்ளோ நேரம்னு உள்ள போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, இருபது நிமிஷம்னா இருபதுதான். குண்டு விழுந்த எடத்துக்கு உடனே ஓடாதீங்க, காப்பாத்த வர்றவங்கள குறி வச்சு ரெண்டாவது குண்டு அதே எடத்துல விழும். உக்ரைன்ல சின்ன ட்ரோன்கள் வந்த அப்புறம் ஃப்ரண்ட் லைன்ல இருந்து பத்து கிலோமீட்டர் பின்னாடி இருந்தா நிம்மதிங்கற பழைய கணக்கும் போச்சு, ரோட்டுல தனியா போற வண்டியத்தான் அது தேடும். அப்புறம் அலட்சியம். வியட்நாம், கம்போடியால 11 வருஷம் சண்டைக்கு நடுவுல ஷூட் பண்ணி தப்பிச்ச ஆஸ்திரேலிய கேமராமேன் நீல் டேவிஸ் 1985 செப்டம்பர்ல பாங்காக்ல, சில மணி நேரத்துல பிசுபிசுத்துப்போன ஒரு ராணுவப் புரட்சிய எடுக்கப்போய் டாங்க் சுட்டு செத்தாரு, கீழ விழுந்த கேமரா ஓடிக்கிட்டே இருந்துச்சு. பெரிய போர விட, சும்மா நம்ம ஊரு தெருதானேன்னு நெனைக்கிற எடம் எனக்கு அதிகம் பயம்.

பத்தாவது: எதிர்ல உக்காந்திருக்குறவங்க

பையன நேத்து பறிகொடுத்த அம்மாகிட்ட மைக்க நீட்டி எப்படி ஃபீல் பண்றீங்கன்னு கேக்காதீங்க. முதல்ல கேமராவ கீழ வைங்க, நீங்க யாரு, இது எங்க வரும், இத எதிர் தரப்பும் பாக்கும்னு சொல்லுங்க. நெட்ல ஏறுனா அழிக்க முடியாதுன்னு சொல்லுங்க, நெறைய பேருக்கு அது புரியாமத்தான் சரின்னு தலையாட்டுறாங்க. பேச ஆரம்பிச்ச அப்புறம் வேணாம்னாலும் நிறுத்தலாம்னு சொல்லிட்டு நிஜமாவே நிறுத்துங்க. என்ன நடந்துச்சுன்னு வரிசையா கேளுங்க, அவங்க சொல்ற எடத்துல இருந்து ஆரம்பிங்க. முகம் மறைக்கிறதா இருந்தா ஷூட் பண்றப்பவே பின்னால இருந்து, கைய மட்டும், நிழலா எடுத்துடுங்க. அப்புறம் எடிட்ல ப்ளர் பண்ணிக்கலாம்னு நெனச்சா அந்த மெமரி கார்டு செக்போஸ்ட்ல புடிபட்டா முடிஞ்சுது.

அனுப்புறது, பாதுகாக்குறது

பிகேன் டெர்மினல்னு ஒரு சாட்டிலைட் பெட்டி இருக்கு, நல்லா சிக்னல் இருந்தாலே செகண்டுக்கு 400 கிலோபிட்டுக்கு கொஞ்சம் மேலதான் போகும், கணக்குப் போட்டா ஒரு ஜிபி அனுப்ப அஞ்சரை மணி நேரம். ஸ்டார்லிங்க் வந்த அப்புறம் வேகம் கூடுச்சு, ஆனா ஓட்டு மேல வெள்ளைத் தட்டு ஒண்ணு வச்சா மேல இருந்து பாக்குறவனுக்கும் தெரியும். அதனால அங்கயே உக்காந்து ரெண்டு நிமிஷமா வெட்டி அனுப்பக் கத்துக்கங்க. ஒரிஜினல் கார்டு, ரெண்டு என்க்ரிப்ட் பண்ண டிஸ்க், மூணும் மூணு பேர் கையில. தேதி, எடம், யார் முகம் காட்டக்கூடாதுன்னு அன்னிக்கு ராத்திரியே குறிச்சு வைங்க, நாளைக்கு ஞாபகம் இருக்காது.

திரும்பி வந்த அப்புறம்

கனடா மனநல மருத்துவர் ஆன்டனி ஃபைன்ஸ்டைன் 2002ல 140 போர் நிருபர்கள வச்சு செஞ்ச ஆய்வுல, வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்துல பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் விடாம துரத்துற மனபாதிப்பு வந்தவங்க 28.6 சதவீதம், பெரிய மனச்சோர்வு வந்தவங்க 21.4 சதவீதம். தூக்கம் வராது, பட்டாசு வெடிச்சா எரிச்சல் வரும், சின்ன விஷயத்துக்கு வீட்ல கத்துவீங்க, எல்லாத்துக்கும் மேல இங்க எல்லாமே சப்புனு இருக்கும், மறுபடி போனாத்தான் உயிரோட இருக்குற மாதிரி தோணும். அந்த கடைசித் தோணல்தான் ரொம்ப ஆபத்து. ஒரு ட்ரிப்புக்கும் அடுத்த ட்ரிப்புக்கும் நடுவுல எத்தன வாரம்னு கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்ல சொல்லி வாக்கு கொடுத்துட்டுப் போங்க. பத்திரிகையாளர்களோட மனபாதிப்புக்காகவே ஆரம்பிச்ச டார்ட் சென்டர் போட்டதுல படிக்க நிறைய இருக்கு. எடிட்ல உக்கார்றவங்களையும் மறக்காதீங்க, நேர்ல போகாம நாள் பூரா கொடூர ஃபுட்டேஜ் பாக்குறவங்களுக்கும் இது வரும், எனக்கே வந்துச்சு, சத்தத்த மியூட் பண்ணிட்டு ஸ்கிரீன்ல வீடியோ ஓடுற கட்டத்த சின்னதாக்கிப் பாக்கப் பழகுனேன்.

படம் முடிஞ்சு ஒளிபரப்புக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு. ஃபிக்ஸருக்கு கொடுக்க வேண்டிய மிச்ச காச அனுப்பிட்டு, அவர் வர்ற ஷாட், ட்ரைவர் வண்டி நம்பர் தெரியிற ஷாட், அவர் வீட்டு வாசல் எல்லாத்தையும் தேடிப் பாத்து எடுங்க, லிங்க்க அவங்களுக்கு முன்னாடியே அனுப்பிக் காட்டுங்க. டைட்டில்ல பேர் போடலாமான்னு கேளுங்க. மூணு மாசம் முன்னாடி போடுங்கன்னு சொன்னவர் இப்ப வேணாம்னு சொல்லலாம், அங்க ஆட்சி மாறியிருக்கும், தெருவுல ஆளு மாறியிருக்கும். ஏன்னு கேக்காம எடுத்துடுங்க.